அரைப் பீப்பாய்த் தண்ணீர்

பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் ஐயா? எவ்வளவு அவசரமானாலும் பாதிக் குடத்தோடு ஒருத்தியும் தன் லயத்து வீட்டுக்குத் திரும்பமாட்டாள். முழுக் குடம் கனம்தான். ஆனால் இடுப்பில் ஏறியதும் சொன்னபடி கேட்டு உட்கார்ந்துவிடும். பாதிக் குடத்துத் தண்ணீர் அப்படி இல்லை. ஏற்றத்தில் ஆளைப் பின்னால் இழுக்கும், இறக்கத்தில் முன்னால் தள்ளும். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான் இதைப் பதுளைக்குப் போய்க் கல்லூரியில் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். படிப்பின் பெருமை அது.

நீங்கள் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படத்தான் வந்தீர்கள் என்று தெரியும். விசாரணை முடிந்துவிட்டது. அழகையா கால் தவறி ஆற்றில் விழுந்து செத்தான் என்று தீர்த்தாயிற்று. அதில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது. அவன் கால் தவறவில்லை. அது தவறுகிற கால் இல்லை. அதைப் பழக்கியவன் நான்.

என் பெயர் பலவேசம். இந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீரசிங்கத்தின் ஒரே மகன். பெயரை வைத்தவர் அப்பா. ஆளைச் சரியாகப் பார்க்கும் முன்பே வைத்துவிட்டார். அவர் சிறு வயதில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர். காய்ச்சலில் விழுந்த தம்பியை முதுகில் கட்டிச் சுமந்து வந்தாராம். தம்பி வழியிலேயே செத்துப்போனது மாத்தளையில் இறக்கி வைத்தபோதுதான் அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து மனிதர்களை நிறுக்க அவரிடம் ஒரே தராசு: இவன் எவ்வளவு சுமப்பான்?

நான் சுமக்கிற ஆள் இல்லை. துரை பங்களா வாசலில் சாத்தி வைத்திருக்கும் குடையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சட்டை போட்டால் நான். என் திறமை வேறு. கல்லூரியில் என் கேலிக் கட்டுரைகளுக்கு நல்ல பெயர். நான் வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும். முதல் இரண்டு வருடம், நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு விடுமுறையில் அப்பாவுக்கு முன்னால் துரையைப் போல நடந்து, துரையைப் போலத் தும்மிக்கூடக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "சரி, போய்ச் சாப்புடு" என்றார்.

ஆகவே உடம்பைத் தேற்றலாம் என்று முடிவு செய்தேன். கல்லூரியில் கிடந்த ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையில் மல்லன் ஒருவன் பீப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற படம் இருந்தது. பீப்பாயில் பாதிதான் தண்ணீர். இரும்பைத் தூக்குகிறவன் அதன் கனத்தைத் தூக்கினால் போதும். தண்ணீரைத் தூக்குகிறவன் அதன் புத்தியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அது முன்னால் ஓடினால் உடம்பு பின்னால் சாய வேண்டும், பின்னால் ஓடினால் முன்னால். பழகப் பழக உடம்பு யோசிக்காமலே சாயக் கற்றுக்கொள்ளும். அந்த 'யோசிக்காமலே' என்ற சொல் எனக்கு அப்போதே பிடித்திருந்தது.

பதுளைக் கடைவீதியில் மொஹிதீன் நானா கடையில் தேங்காயெண்ணெய் தீர்ந்த சின்னப் பீப்பாய் ஒன்று கிடந்தது.

"வெறும் பீப்பாய்க்குள்ள என்னத்தப் போடப் போறீங்க, தம்பி?" என்று கேட்டார்.

"பாதிக்குத் தண்ணி."

"மிச்சப் பாதிக்கு?"

"ஒன்னுமில்ல, நானா. சும்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இது யாவாரமில்ல. படிப்பு" என்று சொல்லி, பீப்பாயை உருட்டிவிட்டார்.

மாட்டுவண்டியில் பண்டாரவளை, அங்கிருந்து ரயிலில் அப்புத்தளை, அப்புறம் கூலி வைத்துக் கீழே தோட்டம் என்று பீப்பாய் என்னைவிடச் சௌகரியமாக வந்து சேர்ந்தது. மறுநாள் காலை அதில் பாதி தண்ணீர் ஊற்றித் தோளில் ஏற்றினேன். இரண்டடி நடந்தேன். மூன்றாவது அடியைத் தண்ணீர் நடந்தது. நான் தேயிலைக்கு நடுவே வெட்டிய வடிகால் கானுக்குள் கிடந்தேன், பீப்பாய் என் மேல் கிடந்தது. மேட்டில் அப்பா நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை, சிரிக்க வைப்பது என் தொழில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் சொல்வதில் இதை மட்டும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

பீப்பாயைக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போடச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தவன்தான் அழகையா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், மேட்டு லயத்து இராக்கம்மாவின் மகன். அப்பன் இல்லை. தண்ணீரைக் கொட்டாமலே அதைத் தூக்கித் தோளில் வைத்தான். வைத்ததும் முகம் மலர்ந்தது.

"சின்னையா, உள்ள ஏதோ உசுரோட இருக்குங்க!"

"தண்ணிடா."

"தண்ணியாங்க? மல்லுக்கு நிக்குதே. இந்தா பாருங்க, இந்தப் பக்கம் போறேன்னா அந்தப் பக்கம் இழுக்குது. என் ஆத்தா மாதிரியே இருக்கு."

சிரித்துக்கொண்டே கொட்டில்வரை போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு உடம்பு இல்லை, பாடம் இருந்தது. அவனுக்கு உடம்பு இருந்தது, பாடம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு மனிதன் கிடைப்பான், அவனை அப்பாவிடம் காட்டலாம் என்று எண்ணினேன். அதில் என் பங்கு எனக்கு வரும் என்று நம்பினேன்.

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் விடியலில் அவனை வரச் சொல்வேன். முதலில் சமதரை. பிறகு கான் விளிம்பு. பிறகு, சாய்த்துப் போட்ட பலகை. தண்ணீரோடு சண்டை போடாதே, அது போகிற திசைக்கு எதிரே மெதுவாகச் சாய்ந்துகொடு என்று நான் முக்காலியில் உட்கார்ந்து சொல்லுவேன். சில வாரங்களில் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. பீப்பாய் இல்லாத நேரத்திலும் லயத்து வாசலில் நின்று பேசும்போது அவன் உடம்பு இலேசாக ஆடும். இல்லாத தண்ணீருக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருக்கும். பெண்கள் சிரிப்பார்கள். அவன் உடம்புக்குள் நான் எழுதிய எழுத்து அது. எழுதினவன் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஒரு காலையில் அப்பா வந்து நின்றார். மறுநாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்பே வந்து நின்றார். அதற்கடுத்த நாள் என் முக்காலி அவருக்குப் போயிற்று. அழகையா சாய்பலகையில் ஏறி இறங்கியதும் அப்பா துள்ளி எழுந்து, "நம்ம புள்ளயப் பாத்தியாடா!" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். என்னிடம்தான். யாரைச் சொல்கிறார் என்பது புரிய இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. நம்ம புள்ள என்றால் நான் என்று எனக்கு ஒரு பழைய நம்பிக்கை.

பிறகு எங்கள் வீட்டுப் பசும்பால் மேட்டு லயத்துக்குப் போகத் தொடங்கியது. முட்டை போயிற்று. அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு போயிற்று. அது எனக்குத் தோள் தொங்கும் என்று பெட்டியில் வைத்திருந்த கோட்டு. அழகையாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பாவம், அவனுக்கு ஒரு சூதும் இல்லை. "இது ஒங்களுதுங்களே, சின்னையா" என்று கழற்றி நீட்டினான். "இருக்கட்டும், எனக்குக் குளிராது" என்றேன். அன்றுதான் எனக்கு நிஜமாகவே குளிர்ந்தது.

இப்போது மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் வருடா வருடம் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. பூசாரி பட்டுப் பரிவட்டத்தை அவர் தலையில் கட்டுவார். கட்டிய பரிவட்டத்தை அவர் அவிழ்த்து மகன் தலையில் ஒரு கணம் வைத்து எடுப்பார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் ஒவ்வொரு வருடமும் பதுளையிலிருந்து வருவேன். வைக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தாக வேண்டும், வேறு வழியில்லை.

இந்த வருடம், கோயில் கூட்டத்தில், கொஸ்லந்தைப் பக்கத்துக் கங்காணிமாரெல்லாம் இருக்கும்போது அப்பா எழுந்து சொன்னார்: "ஆத்துக்குக் குறுக்க கெடக்குற ஒத்த மரத்துல நம்ம அழகையா பீப்பாயோட போவான். நடுமரத்துல நின்னு என்னப் பாத்து ஒரு கும்புடு போடுவான். அக்கரைக்குப் போய்ட்டு வந்தான்னா பரிவட்டம் அவன் தலையிலதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், "அப்ப ஒங்க மகனுக்கு?" என்று கேட்டார். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "அவனுக்குத்தான் படிப்பு இருக்கே" என்றார்.

நீங்கள் 'பொறாமை' என்று எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள், ஐயா. கவ்வாத்து வெட்டுகிறவன் மேல் பெரிய கங்காணி மகனுக்கு என்ன பொறாமை? நான் செய்தது ஒரு திருத்தம். பாடத்தில் நான் எழுதியதை நானே அழித்தேன்.

அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதுதான் கடினமான இடம். மரத்தின் நடுவில் நின்று, மரத்துக்குக் குறுக்காகக் கரைப்பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தியதும் பீப்பாயின் முன்பக்கம் இறங்கும். உள்ளே தண்ணீர் முழுவதும் முன்னால் பாயும். அந்தத் தள்ளலுக்கு ஈடாக இடுப்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். எத்தனையோ காலைகள் சாய்பலகையில் இதைப் பழகினோம். குனிந்தால் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் சாய வேண்டும். கடைசியில் அவன் தண்ணீர் வருவதற்காகக் காத்திருக்கவில்லை; குனியும்போதே சாய்ந்துவிடுவான். நல்ல மாணவன் அப்படித்தான். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லுவான். ஒருநாள் தண்ணீர் வராவிட்டால்?

திருவிழாவுக்கு முதல்நாள் மாலை கோயிலடியில் கூழ் காய்ச்சி இறக்கியிருந்தார்கள். அம்மனுக்குப் படைத்துவிட்டு மறுநாள் எல்லோருக்கும் ஊற்றுகிற கூழ். எங்கள் மலைக் குளிரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மாலையில் ஓடுகிற கூழ் காலையில் அகப்பையைக் குத்தினால் நிற்கும். ஒவ்வொரு வருடமும் பெண்கள் அதில் வெந்நீர் விட்டுக் கரைக்க வேண்டியிருக்கும். சனமெல்லாம் கரகம் எடுக்க ஆற்றுக்கு இறங்கிய பொழுதில், வெளிச்சம் இருக்கும்போதே, அண்டாவிலிருந்து வாளியில் மொண்டு கொட்டிலுக்குக் கொண்டுபோனேன். பீப்பாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புனல் வைத்து, தண்ணீர் நின்ற மட்டத்துக்கே கூழை ஊற்றி அடைப்பானை அடித்தேன். தூக்கிப் பார்த்தேன். கனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த விஷயத்தில் நான் அவனை ஏமாற்றவில்லை. வழியில் ஒரு கிழவி பார்த்து, "என்னங்க சின்னையா, இம்புட்டுக் கூழா?" என்று கேட்டாள். "பசிக்குது, ஆயா" என்றேன். அது பொய்யென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

காலையில் கரையெல்லாம் சனம். அழகையா குளித்துத் திருநீறு பூசி நின்றான். இராக்கம்மா கைப்பிடி உப்பும் மிளகாயும் கொண்டுவந்தாள்.

"கங்காணியாரே, ஒருக்காச் சுத்திப் போட்டுர்றேனுங்க. அம்புட்டுப் பேரு கண்ணும் இவன் மேலதான் இருக்கு."

அப்பா சிரித்தார். அன்று அவர் அடிக்கடி சிரித்தார். "என் கண்ணுதான், புள்ள, ரொம்ப நாளா இவன் மேல இருக்கு. ஒன்னும் ஆயிரலையே. தள்ளி நில்லு."

அவள் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு தள்ளி நின்றாள்.

வழக்கமாகப் பீப்பாயை அவனே தூக்குவான். அன்று, "விடு, நல்ல நாளு, நான் ஏத்தி விடுறேன்" என்று நானும் இன்னொருவனும் பிடித்துத் தோளில் வைத்தோம். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் சனத்தைப் பார்த்து நின்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். பீப்பாய்க்குள் சத்தம் இருக்கிறதா, இல்லையா என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவன் மரத்தில் ஏறினான். இரண்டு மூன்று அடி வைத்ததும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே இருந்தது உயிரோடு இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பயப்படவில்லை, கேள்விதான் கேட்டான், புருவத்தால். அப்போது அவன் திரும்பி வந்திருக்கலாம், கரை கைக்கெட்டும் தூரம். அவனுக்கு நான் வாத்தியார். ஒன்றுமில்லை, போ என்று கையைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சொல்லப் போனால் முதல் பாதி எப்போதையும்விட அழகாக நடந்தான். ஆட்டமே இல்லை. கூழ் அவனுக்கு உதவிதான் செய்தது. நடுமரத்தில் நின்றான், அப்பா பக்கம் திரும்பினான். அப்பா தலையை நிமிர்த்திக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவனைப் பார்க்கவில்லை, ஐயா. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் இன்னொருவரை இப்படியும் பார்க்க முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

அழகையா குனிந்தான். குனியும்போதே, பாடத்தின்படி, இடுப்பைப் பின்னால் சாய்த்தான். முன்னால் எதுவும் பாயவில்லை. பின்னால் நாற்காலி இருக்கிறது என்று நம்பி உட்காருகிறவனைப் போல, அவசரமில்லாமல், பீப்பாயோடு பின்பக்கமாகப் போனான். தப்புச் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. அடிக்கிறவர்களுக்கு முதுகு ஆற்றைப் பார்த்து இருந்தது.

பாறையில் பீப்பாய் சிதறிக் கூழ் வழிந்திருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள், சேதி கேட்டு அப்போதே வந்த நீங்களும் பார்த்தீர்கள். கூழ் ஊற்றுகிற நாளில் கோயிலடிப் பாறையில் கூழ் கிடப்பதில் என்ன அதிசயம்? யாரோ கைதவறிக் கொட்டியது என்று தாண்டிப் போனீர்கள். மத்தியானத்துக்குள் காக்கைகள் சுத்தமாக்கிவிட்டன.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். விடுமுறை முடிந்து பதுளைக்குப் போய், நல்ல கட்டுரை ஒன்று எழுதியிருப்பேன். ஆனால் அன்று அழகையாவை மேலே கொண்டுவந்து கிடத்தியபோது, இராக்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த உப்பையும் மிளகாயையும் அப்பாவின் காலடியில் கொட்டினாள். அப்பா அதைப் பார்த்தார். தாம்பாளத்தில் பரிவட்டம் மடித்தபடி இருந்தது. அதை எடுத்துத் தன் கண்களை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"என் கண்ணுதான் கொன்னுச்சு. இனி இது யாரையும் பாக்கப்படாது" என்றார்.

இதோ, பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அன்றிலிருந்து கட்டை அவிழ்க்கவில்லை. சுவரைத் தடவி நடக்கிறார். தோட்டம் முழுக்க இதே பேச்சு: பெரிய கங்காணி பிள்ளைப் பாசத்தில் பார்த்த பார்வை, அதனால்தான் அவன் போனான் என்கிறார்கள். அந்தப் பார்வைக்கு ஆளைக் கொல்லுகிற பலமாம். என்ன அநியாயம் பாருங்கள். பீப்பாய் என் யோசனை, பாடம் என் பாடம், கூழ் நான் சுமந்த கூழ். என் வாழ்க்கையில் நான் சுமந்து முடித்த ஒரே சுமை அது. அதையும் அப்பாவும் அழகையாவுமே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இன்று காலை அவருக்குத் தேநீர் கொண்டுபோனேன். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"அழகையாவா?" என்றார்.

"இல்லப்பா. நான்."

"ம்" என்றார். கோப்பைக்குக் கையை நீட்டினார்.

ஆகையால் நீங்கள் உள்ளே போய் அவரிடம் சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னால் வழக்கமான வேடிக்கை என்று நினைத்துவிடுவார். கூழைச் சொல்லுங்கள், அடைப்பானைச் சொல்லுங்கள், நான் கை காட்டியதைச் சொல்லுங்கள். அவர் கண்ணில் ஒரு தோஷமும் இல்லை என்று சொல்லுங்கள். கேட்டதும் துணியை அவிழ்ப்பார். அவிழ்த்தால் முதலில் யாரைத் தேடுவார்? விலங்கு போடுவதானால் போடுங்கள். அதற்கு முன்னால் இந்தச் சன்னல் கதவை மட்டும் திறந்துவிடுகிறேன். நான் இங்கே, இப்படித் திரும்பி நிற்கிறேன். அவர் வரும்போது முகத்தில் வெளிச்சம் நன்றாக விழட்டும்.